பல்லிமேல் போட்ட பழி

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, தங்கை ஷைனி, சபை உபதேசியார், பக்கத்து வீட்டு ராஜமணி மாமன், மாமி, பிறகு நான். இல்லாதவர் ஒரே ஒருவர். மேசைமேல் நிறம் மாறி மாறி மினுங்கிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை ஒவ்வொரு பாகமாகத் தன் கையால் பூட்டித் தந்த கடைக்கார அக்கா.

எங்கள் பக்கத்துச் சபைக் குடும்பங்களில் புதிதாக எது வந்தாலும் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் தொடுவோம். வீடானால் கொத்தனாரையும் ஆசாரியையும் கூப்பிட்டு, ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொரு வேட்டி கொடுப்பது வழக்கம். கம்ப்யூட்டருக்கும் அது பொருந்தும் என்று அப்பா தாமாகவே முடிவு செய்து, பாறசாலை சந்தையிலிருந்து ஒரு கரைவேட்டி வாங்கி வந்திருந்தார். வாங்கும்போது பூட்டுகிற ஆள் ஆணா பெண்ணா என்று அவர் யோசிக்கவில்லை. ஜெபத்துக்கு முந்திக் கேட்டார், அந்தக் கடைக்காரப் பிள்ளையை விளித்தாயா என்று.

“அவியளுக்குக் கடையில சோலி உண்டு. பின்ன, அவிய சாமான்தான் தந்தாவ. பூட்டினது நானாக்கும்” என்றேன்.

எப்படி அது வாயில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அப்பா சந்தையில் சுமை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளி. அவருடைய அப்பா பிறர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி, கல்லூரிக்குப் போய், பௌதிகத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கி இரண்டு வருஷமாகியும், அரசு வேலைத் தேர்வு எழுதிக்கொண்டு வீட்டில் இருந்ததைத் தவிர அந்தப் படிப்பால் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கு ஏதாவது நடந்ததாகக் காட்டவேண்டும் போலிருந்தது.

அப்பா என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு அந்த வேட்டியை என் தோளில் போட்டார். இந்த மகனுக்குத் தந்த ஞானத்துக்காக உபதேசியார் நன்றி சொல்லி ஜெபித்தார். நானும் ஆமென் சொன்னேன்.

*

அக்காவின் கடை உதியன்குளங்கரை சந்திப்பில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னறை. அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். காகிதக் கட்டைப் பிடிக்கிற கறுப்புக் கிளிப்பால் முடியை மேலே தூக்கிக் குத்தியிருப்பார். கழற்றிய திருகாணிகளை ஊறுகாய்ப் பாட்டில் மூடியில் போட்டுவைப்பார். எந்தச் சாமானையும் எடுத்த உடனே உள்ளங்கையில் வைத்து ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்ப்பார். மீன்காரியிடம் சாளை வாங்குகிறவர்கள் பார்ப்பதைப் போல.

கம்ப்யூட்டர் வேண்டும் என்று யார் போனாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான். “எதுக்காக்கும்?” சிலருக்கு அது பிடிக்காது. பைசா தருகிறேன், சாமான் தா, என்னத்துக்கு விசாரணை என்பார்கள். அவர் சிரிப்பார், பதில் வரும்வரை பேனாவைத் திறக்கமாட்டார்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கேள்வி இல்லை. பல்லி.

பூவாரில் படகு ஓட்டுகிற ஒருவர், மனைவியோடு ஒரு கம்ப்யூட்டரைச் சுமந்து வந்தார். திறந்ததும் அறை முழுக்க பிராந்தி வாடை. மனைவியின் முகம் அவர்மேலேயே நின்றது. அக்கா உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பல்லி கேறியிருக்கு, அது மூத்திரம் பெய்தால் போர்டு போகும் என்று மலையாளத்தில் சொன்னார். அந்தப் பெண் ஜெராக்ஸ் எடுக்க முன்பக்கம் போனதும் படகுக்காரரிடம் குரலைத் தாழ்த்தி, “இனி அந்தப் பல்லிக்குக் குடிக்கக் குடுக்காண்டாம், கேட்டியளா” என்றார். அந்த மனிதர் அதன்பின் தனக்குத் தெரிந்த ரிசார்ட்டுக்காரர்களை எல்லாம் இந்தக் கடைக்கே அனுப்பினார்.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் மகள் கல்யாணப் படங்களை எல்லாம் தாமே அழித்துவிட்டு, மகளோடு வந்து நின்றார். அன்றைக்கும் பல்லிதான். கீபோர்டில் பல்லி நடந்ததால் படம் அழியும் என்று எந்த வாத்தியாரும் நம்பமாட்டார். அவர் தலையாட்டினார். மகளும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாளில் படங்கள் கிடைத்துவிட்டன.

இத்தனை கம்ப்யூட்டர் திறந்ததில் நிஜமாகவே எத்தனை பல்லி கண்டிருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒண்ணு. அதும் செத்தது.”

பிறகு, வேலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “வீட்டுல உள்ளவிய முன்னால ஒரு ஆளைக் குறைச்சுப் போட்டா, பின்ன அந்த ஆளு அந்த வீட்டுல எப்பிடிச் சோறு தின்னும்?” என்றார்.

எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அந்தக் குணம் எனக்கே தேவைப்படும் என்று அப்போது நினைக்கவில்லை.

*

ஷைனி பி.காம். முடித்திருந்தாள். நெய்யாற்றின்கரையில் ஒரு கணக்கரின் அலுவலகத்தில் அவளுக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். கடைகளின் வரிக்கணக்கை ஏற்றுகிற வேலை. ஆனால் அலுவலகத்தில் உட்கார இடமில்லை, சொந்தமாகக் கம்ப்யூட்டர் உள்ளவர்கள் வீட்டிலிருந்து செய்யலாம் என்றார்கள். அம்மா அண்டியாபீசில் முந்திரி உடைத்துச் சேர்த்த பணத்தில் கட்டிய சிட்டி, அதாவது சீட்டு, அந்த மாதம் விழுந்தது. கையில் முப்பத்தைந்தாயிரம். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அக்கா பட்டியல் எழுதிய விதம் விசித்திரமாக இருந்தது. எல்லோரும் பிராசஸரில் தொடங்குவார்கள். அவர் எங்கள் வீட்டுக்குக் கரண்டு வருகிற வழியைக் கேட்டார். பாறசாலைக்கு உள்ளே, லைனின் கடைசிக் கம்பம் என்றேன். முதலில் எஸ்.எம்.பி.எஸ். என்று எழுதினார். சுவரிலிருந்து வருகிற கரண்டை வாங்கி, கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது. அடுத்து, கரண்டு நின்றாலும் ஏறி இறங்கினாலும் தாங்கிப் பிடிக்கிற யு.பி.எஸ்., மூவாயிரத்து நானூறு. அதன்பிறகுதான் போர்டு, நினைவகம், பிராசஸர். மானிட்டர் ஏதோ பூட்டிப்போன அலுவலகத்திலிருந்து வந்த பழசு. எல்லாவற்றையும் மூடுகிற கேபினட் கடைசியில், ஆயிரத்து நானூற்று ஐம்பதுக்கு ஒரு வெறும் கறுப்புத் தகரப் பெட்டி. பூட்டுக்கூலி தொள்ளாயிரத்தோடு முப்பத்தைந்தாயிரம் சரியாக நின்றது.

எனக்கு அந்தத் தகரப் பெட்டியைப் பார்த்ததும் மனசு விட்டுப்போயிற்று. ஒரு மாதமாக நான் போனில் வீடியோக்கள் பார்த்திருந்தேன். கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினட், உள்ளே சுற்றும் விசிறிகளில் வண்ண விளக்கு, எழுத்துக்கெல்லாம் வெளிச்சம் வருகிற கீபோர்டு. உபதேசியாரும் ராஜமணி மாமனும் வந்து பார்க்கப் போகிறார்கள். அவர்கள் கண்ணுக்கு எஸ்.எம்.பி.எஸ்ஸா தெரியப்போகிறது?

நான் கேரள எல்லை தாண்டி மார்த்தாண்டத்துக்குப் போனேன். ஒரு நடைபாதைக் கடையில் எழுநூற்று ஐம்பது ரூபாய்க்கு எஸ்.எம்.பி.எஸ். ஒன்று கிடைத்தது. ஐந்நூறு வாட்ஸ் என்று மேலே ஒட்டியிருந்தது. பில் கிடையாது. யு.பி.எஸ்ஸை அடியோடு வெட்டினேன். மிச்சம் பிடித்த பணம் முழுக்கக் கண்ணாடிக் கேபினட்டுக்கும் கீபோர்டுக்கும் போயிற்று.

பணம் கொடுக்கிற நாளில் அப்பாவும் வந்தார். சுமட்டுக்காரர்களின் நீலச் சட்டையோடு, வேலைக்கு நடுவில். உட்காரச் சொன்னாலும் உட்காராமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். நான் மார்த்தாண்டத்துப் பெட்டியை மேசைமேல் வைத்து, இதை நானே பார்த்து வாங்கிவிட்டேன், இது போதும், யு.பி.எஸ். இப்போது தேவையில்லை என்றேன்.

“அவன் பிசிக்ஸ் படிச்சவனாக்கும்” என்றார் அப்பா. கரண்டைப் பற்றி அவனுக்குத் தெரியாததா என்ற தோரணையில்.

அக்கா அந்தப் பெட்டியை உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினார். அப்பாவைப் பார்த்தார். “படிச்ச ஆளுல்லா. சரியாத்தான் இருக்கும் அண்ணே” என்றார்.

அப்பா தேயிலை குடிக்கப் போனபிறகுதான் என்னிடம் சொன்னார். “எலே மக்கா, இதுல கனம் இல்ல. உள்ள இருக்க வேண்டியது ஒண்ணும் இல்ல. உங்க லைன்ல கரண்டு ஏறி இறங்கினா இது தாங்காது.” நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, அதன் அட்டைப்பெட்டியின்மேல் பேனாவால் ஏதோ எழுதி, எனக்காகத் தனியே வைத்தார். பணம் பிறகு தந்தால் போதும், ஒரு மாதத்துக்குள் வந்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார். நான் இப்போதே மாட்டிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. அப்பா திரும்பி வந்து ஏன் என்று கேட்பாரே.

“அதுவரை ஒரு காரியம். லைட்டு மங்கித் தெளிஞ்சா உடனே பிளக்கை ஊரி எடுக்கணும். தங்கச்சிகிட்டப் பறஞ்சு வை. மறக்காண்டாம்.”

நான் மறக்கவில்லை. சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று ஷைனி கேட்பாள். அந்தக் கேள்வி நான் வெட்டிய யு.பி.எஸ்ஸில் போய் நிற்கும்.

அடுத்த இரண்டு நாளும் கடையில் போய் இருந்தேன். திருகாணி மூடியைப் பிடித்துக்கொண்டேன். பூட்டியது முழுக்க அக்காவின் கை.

*

ஜெபம் முடிந்து பதினோராவது நாள். துலாமாத மழை, இடி. நான் நெய்யாற்றின்கரை வாசகசாலையில் இருந்தேன். மத்தியானம் ஷைனி போனில் அழுதாள். லைட்டு மங்கி மங்கி வந்ததாம், செய்த வேலையைப் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தாளாம், டப் என்று ஒரு சத்தம், கண்ணாடிக்குள் புகை.

“அண்ணே, நான் எதையாவது தொட்டுட்டேனா?”

இல்லை என்று கூட நான் சொல்லவில்லை. வாறேன் என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமைக்குள் ஏழு கடைகளின் கணக்கை அவள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வேலை வேறு பெண்ணுக்குப் போகும் என்று கணக்கர் தெளிவாகவே சொல்லிவிட்டார். அம்மா உலையைக் கூட இறக்காமல் நின்றாள். அப்பா என்னைக் கேட்டார், எப்படி ஆயிற்று?

எனக்கு ஒரு பல்லி போதுமாயிருந்தது. அக்காவிடமிருந்து அதையாவது படித்திருக்கலாம். நான் சொன்னது, “அந்தக் கடையில தந்த போர்டு மோசம்.”

அப்பா சுமட்டுச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டார். கம்ப்யூட்டரைத் தோளில் ஏற்றினார். நான் பின்னால் போனேன்.

அப்பா கத்துகிற ஆள் இல்லை. அதனால் அவர் பேசியது எல்லோருக்கும் கேட்டது. ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “என் மொவன் ரெண்டு நாளு கஷ்டப்பட்டுப் பூட்டினதாக்கும் இது. நீ தந்த சாமான்தான் சரியில்ல. என் மோளுக்க சோலி போவும் பிள்ளே. வாங்கின பைசாவுக்கு இதுவா குடுக்குறது?”

பூட்டினது நான் என்று அக்கா அப்போதுதான் கேள்விப்பட்டார். அவர் திருகாணிகளைக் கழற்றி மூடியில் போட்டார். மார்த்தாண்டத்து எஸ்.எம்.பி.எஸ். வெளியே வந்தது. ஒரு பக்கம் கருகியிருந்தது. அதைக் கையில் ஏற்றி இறக்கிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அதில் எந்த மாதம் இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன், அவ்வளவு நேரம் பார்த்தேன்.

பல்லி என்று அவர் சொல்வார் என்றுதான் காத்திருந்தேன். ஆனால் சங்கத்து ஆட்கள் கைகட்டி நின்றபோது பல்லி எடுபடாது. யாராவது ஒரு ஆள் வேண்டியிருந்தது.

“பிழை எனக்காக்கும் அண்ணே” என்றார். “சாமான் தரும்போ நான் ஒழுங்காப் பாத்துத் தந்திருக்கணும்.” பிறகு, “பூட்டினதுல ஒரு பிழையும் இல்ல. நல்லாத்தான் பூட்டியிருக்கு” என்றும் சொன்னார்.

சங்கத்து ஆட்களில் ஒருவர் என் முதுகில் தட்டினார்.

அலமாரியில் எனக்காக எடுத்து வைத்திருந்த எஸ்.எம்.பி.எஸ். இறங்கியது. புதுப் போர்டு ஒன்றும் தன் கணக்கில் மாட்டினார். சாயங்காலத்துக்குள் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. ஷைனியின் கணக்குகள் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. ஒரு பைசா வாங்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் ஏழு கடைக் கணக்கும் போய்ச் சேர்ந்தது. ஷைனியின் வேலை நிலைத்தது. முதல் சம்பளத்தில் அவள், யாரும் சொல்லாமலே, அதே மூவாயிரத்து நானூறுக்கு ஒரு யு.பி.எஸ். வாங்கினாள்.

*

சபையில் ஞாயிறு பள்ளிக்கு நாலு கம்ப்யூட்டர் வாங்குவதாக இருந்தது. அக்காவிடம் விலை கேட்டு எழுதியும் வாங்கியிருந்தார்கள். அப்பாவின் மூலம் விஷயம் உபதேசியார் காதுக்குப் போய், அங்கிருந்து கமிட்டிக்குப் போய், அந்த நாலும் வேறு ஊர்க் கடைக்குப் போயின. சந்தையிலும் பேச்சு பரவியது. அக்கா யாரிடமும் மறுத்துச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

இதற்கிடையில் ஷைனி, புது எஸ்.எம்.பி.எஸ். வந்த காலி அட்டைப்பெட்டியில் பேனாக்களைப் போட்டுவைக்க எடுத்தபோது அதன்மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டாள். ‘ஷிபு, தங்கச்சிக்கு. பைசா பிறகு.’ ஷிபு என்றால் நான்தான். கீழே தேதி. அப்பா பணம் கொடுத்த நாளின் தேதி.

கெட்டுப்போவதற்குப் பதினைந்து நாளுக்கு முன்னாலேயே அவிய இதை ஏன் நமக்காக எடுத்து வைத்தார்கள் என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும். அவள் திட்டவில்லை. “அப்பாகிட்ட நீ பறயணும். நான் பறயமாட்டேன்” என்றாள். அந்தப் பெட்டியை எழுத்து என் பக்கம் தெரியும்படி மேசைமேல் வைத்தாள்.

கிறிஸ்துமஸுக்குள் சொல்லிவிடுவது என்று இருந்தேன். கிறிஸ்துமஸ் போயிற்று. நோன்பு நாட்கள் தொடங்கின. ஒருநாள் சோறு தின்னும்போது அப்பா சொன்னார், உதியன்குளங்கரையில் அந்தக் கடையைப் பூட்டிவிட்டார்களாம், இப்போது அங்கே போன் உறை விற்கிறார்களாம். “நல்லதாப் போச்சு. ஏமாத்துற கையி எவ்வளவு நாளு நிக்கும்?”

ஷைனி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

நான் சொன்னேன். மார்த்தாண்டம், எழுநூற்று ஐம்பது, வெட்டிய யு.பி.எஸ்., பிளக், பூட்டிய கை. அந்தப் பெட்டியில் கனமில்லை என்று அக்கா அன்றைக்கே சொன்னார் என்பதையும் சொன்னேன். அப்பா கையில் பிசைந்த சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகச் சுமை ஏற்றி இறக்குகிறவர். எந்தச் சாக்கில் கல் கலந்திருக்கிறது, எந்தப் பெட்டி பாதி காலி என்று தொட்ட உடனே சொல்கிறவர்.

“என் கையில ஒருக்கா தந்திருந்தா நான் பறஞ்சிருப்பேனே மக்கா” என்றார்.

அவ்வளவுதான். கையைக் கழுவினார்.

*

மறு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், விசாரித்துக்கொண்டு திருப்புறத்துக்குப் போனோம். அப்பா ஒரு நேரியது, பெண்கள் மேலே உடுத்துகிற கரைத்துணி, வாங்கி வந்திருந்தார். அக்கா அவருடைய அம்மாவின் வீட்டில் இருந்தார். முன்னறையில் ஒரு மேசை, மேலே ஊறுகாய் மூடி. வேறு யாரோ கடைக்காரர் கொடுத்துவிடுகிற சாமான்களை ரிப்பேர் பண்ணுவதாகச் சொன்னார். எங்களைக் கண்டதும் எழுந்தார். தேயிலை போடும்படி அம்மாவிடம் சொன்னார். இந்த முறை அப்பா உட்கார்ந்தார்.

அந்தப் போர்டு மோசமில்லை, அன்றைக்கு வாய் தவறிப் பேசிவிட்டேன், உன் பைசாவைத் தர வந்தேன் என்று அப்பா சொன்னார். என் பேரை அவர் சொல்வதற்கு முந்தி அக்கா குறுக்கிட்டார்.

“அத விடுங்க அண்ணே. பின்னத்தான் நானும் பாத்தேன். பல்லி கேறினதாக்கும்.”

அப்பா என்னைப் பார்த்தார். அக்காவின் அம்மா தேயிலையோடு வாசலில் நின்றாள்.

“பல்லி இல்ல மோளே” என்றார் அப்பா. “இவனாக்கும்.”

எனக்காக யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பூட்டினதும் நான் இல்லை என்று அந்த அம்மாவுக்கும் கேட்கும்படி சொன்னேன். அக்கா தலைகுனிந்து ஒரு திருகாணியை மூடிக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதினார். போர்டு ஐயாயிரத்து அறுநூறு. எஸ்.எம்.பி.எஸ். இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது. கூலி என்று எழுதி, நேரே ஒரு கோடு போட்டார். பணத்தை வாங்கி எண்ணிப் பார்த்தார். நேரியதையும் வாங்கிக்கொண்டார். எங்களை அனுப்ப வாசல்வரை வந்தபோது என்னிடம் கேட்டது ஒன்றுதான், தங்கச்சி இப்போது யு.பி.எஸ். போட்டுத்தானே வேலை செய்கிறாள்?

பஸ்ஸில் அப்பா சன்னல் பக்கம் உட்கார்ந்தார். பஸ் நெய்யாற்றுப் பாலம் தாண்டியது. பிறகு அந்தத் தாளை என் கையில் தந்தார்.

“முதல்ல குடுத்த முப்பத்தஞ்சாயிரத்தையும் ஷைனி வாங்கின யு.பி.எஸ்ஸையும் சேத்துக்கோ. படிச்சவன்தானே, கூட்டிச் சொல்லு. மொத்தம் எவ்வளவு ஆச்சு?”

கூட்டினேன்.

“நாற்பத்தாறாயிரத்து எண்ணூற்று ஐம்பது.”